கையில் இருக்க வேண்டியவை

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மகள் ஷைனி ஆறாம் வகுப்பு, இனிமேல் டவுன் பள்ளிக்கூடம். சாயங்காலம் பஸ் அவளைக் கைகாட்டி நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து எஸ்டேட்டில் எங்கள் லைன் வீடு வரைக்கும் தேயிலைக்குள்ளே நடை. நடுவில் ஓடைப் பாலம், அதை ஒட்டி மேலே சோலைக்காடு. என் மனைவி ஜெயராணி தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வர ஆறு மணி ஆகும். என் கோழிக்கடையோ எதிர்த்திசையில், தேயிலை ஃபேக்டரி முக்கில். ஏழு மணிக்கு முன்னால் என்னால் நகர முடியாது.

போன வாரம் மேல்பிரிவில் ஒரு கன்றுக்குட்டியைச் சிறுத்தை இழுத்துப் போயிருக்கிறது. இந்த மலைக்கு அது புதிதில்லை, லைன் ஆட்கள் அதைப் புலி என்றே சொல்வார்கள். ஆனால் என் பிள்ளை இப்போதுதான் அந்த வழியில் நடக்கப் போகிறாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. அவள் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டி முழுசாக வீடு வந்து சேர வேண்டும். இந்த வருஷம் கர்த்தரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

துணைக்கு அடுத்த வரிசை வீட்டு ஃபூல்மணி இருக்கிறாள். ஜார்க்கண்டிலிருந்து வந்த சோமாவின் மகள், ஷைனியின் வகுப்புதான். அப்பன் ஆத்தாளுக்கு நாலு வார்த்தை தமிழ் வராது, இவளோ தமிழில் நம்மையே விற்றுவிடுவாள். சோமா கறி வாங்க வந்தால் இவளும் கூட வந்து, நெஞ்சுக்கறி வேண்டாம், தொடை போடுங்க மாமா என்று அதிகாரம் பண்ணுவாள்.

தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. வாங்குகிற சாமான்களைப் பற்றி இதில் எழுதிவைக்கலாம் என்று எடுத்தேன். எது உருப்படி, எது ஏமாற்று என்று பிறகு மறந்துபோகிறது. மலையில் குடியிருக்கிறவன் கையில் டார்ச், விசில், கத்தி, தீப்பெட்டி, மழைக்கோட்டு இல்லாமல் வெளியே போனால் அவன் மடையன். ஜெயராணிக்கு இது சிரிப்பு. சிரிக்கட்டும்.

ஜூன் 4, புதன்

விசில் வந்தது. ஆரஞ்சு நிறம், உள்ளே உருண்டை இல்லாத வகை. மழையில் நனைந்தாலும் ஊதும். உருண்டை வைத்த விசில் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், அதை வாங்குவதற்குச் சும்மா இருக்கலாம். கடையில் நின்று ஒருமுறை ஊதிக் காட்டினேன், கூண்டிலிருந்த கோழியெல்லாம் ஒரே அமளி. ஷைனியின் பை வாரில் கட்டிவிட்டேன். வாங்கத் தகுந்தது.

ஜூன் 5, வியாழன்

போன வாரம் பஞ்சாயத்து ஆள் வந்து கத்திவிட்டுப் போனான். கடைக்குப் பின்னால் கழிவைக் குழியில் போடுகிறேனாம், நாற்றமாம், அபராதமாம். சரிதான். அவர்கள் வண்டி வாரத்தில் என்றைக்காவது ஒருநாள் தலைகாட்டும். அதுவரை குடலையும் தலையையும் நான் மடியிலா கட்டிக்கொள்வது?

மூடி போட்ட வாளி வாங்கிவிட்டேன். ஸ்கூட்டரில் முன்னால் கச்சிதமாக நிற்கிறது. கடை அடைத்தபின் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் ஓடைப் பாலத்திலிருந்து கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது. அங்கே வீடு வாசல் எதுவும் கிடையாது. காடு எதையும் வைத்துக்கொள்ளாது, காலையில் போய்ப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. கடையும் இப்போது நாறவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நல்ல வியாபாரம். இரண்டு தடவை பாலத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

ஜூன் 11, புதன்

டார்ச் வந்தது. இதைப் பற்றி விவரமாகவே எழுத வேண்டும். பஜாரில் விற்கிற டார்ச்சில் எழுதியிருக்கிற வெளிச்சக் கணக்கெல்லாம் பச்சைப் பொய். இது அப்படியில்லை. உள்ளங்கையில் அடங்குகிறது, உடம்பெல்லாம் அலுமினியம், தண்ணீரில் போட்டு எடுத்தாலும் எரிகிறது. சட்டைப்பையில் மாட்ட ஒரு கொக்கி. மூடுபனியில் வெள்ளை வெளிச்சம் முகத்திலேயே திருப்பி அடிக்கும், அதனால் மஞ்சள் சாய்ந்த வகையாகப் பார்த்து வாங்கினேன். விலையை ஜெயராணியிடம் பாதியாகச் சொன்னேன்.

ராத்திரி பாலத்தில் வாளியைக் கவிழ்த்துவிட்டு அடித்துப் பார்த்தேன். ஓடையின் மறுகரை வரைக்கும் பட்டப்பகல். கீழே லைன் நாய்கள் எல்லாம் ஆஜர், செம்பழுப்பு நாய்க்கு இப்போதே கன்றுக்குட்டி மாதிரி உடம்பு. வெளிச்சம் பட்டதும் குரைத்துத் தள்ளின. பாறைமேல் கொஞ்சம் உயரத்தில் இன்னொரு ஜோடிக் கண் மின்னியது. அது மட்டும் குரைக்கவில்லை, அசையவும் இல்லை. நல்ல ஜாதி நாயாக இருக்கும், யாரோ வளர்த்து விட்டுவிட்டார்கள் போல. டார்ச் வாங்கத் தகுந்தது.

ஜூன் 14, சனி

மழை வெளுத்து வாங்குகிறது. ஷைனிக்கு மழைக்கோட்டு, முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை. கூடவே அட்டை கடிக்காத நீளச் சாக்ஸ். கோட்டைப் போட்டால் ரோடு போடுகிறவன் மாதிரி இருக்கிறதாம், அழுகிறாள். உயிரோடு இருக்கிற ரோடு போடுகிறவனாக இரு என்றேன்.

பிறகுதான் பார்த்தேன், பை வாரில் விசில் இல்லை. ஃபூல்மணியிடம் கொடுத்துவிட்டாளாம். அவளிடம் ஒன்றுமே இல்லையாம், மழைக்கு உரச்சாக்கைத்தான் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிறாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தர்மம் பண்ணவா நான் அதை வரவழைத்தேன்? இன்னொன்று வாங்கிக்கலாமே என்று ஜெயராணி இழுத்தாள். இன்னொன்று ஷைனிக்குத்தான் ஆர்டர் போட்டேன். பரவாயில்லை, இரண்டு பேர் சேர்ந்துதானே வருகிறார்கள்.

ஜூன் 19, வியாழன்

மயில்சாமி கடைக்கு வந்தான். வனத்துறையில் வாச்சர், பழைய சிநேகம். கறி வெட்டும்வரை நின்று பேசினான். ஓடைப் பாலத்துச் சேற்றில் சிறுத்தைத் தடம் பார்த்தானாம், நல்ல பெரிய உருப்படியாம். சோலைக்குள் இருக்க வேண்டியது எதற்கு தினமும் ரோட்டோரம் வருகிறது என்று யோசித்துக்கொண்டே நின்றான்.

"அண்ணா, நாயி அங்க மொய்க்குதுங்க. நாயிக்குத்தான் அது வருது. நாயி எதுக்கு வருதுன்னுதான் தெரியல. யாராச்சும் எதாச்சும் அங்க போடறாங்களாங்க?"

வடநாட்டு ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வெளியில் அடுப்பு மூட்டிப் பன்றி வெட்டுகிறார்கள், அவர்களைக் கேள் என்றேன். அவர்கள் வெட்டுவது உண்மைதானே. எட்டணா குறைத்துக்கொண்டால் கூடப் பத்து தடவை நன்றி சொல்கிறவன் மயில்சாமி, இன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் சில்லறையை வாங்கிக்கொண்டு போனான்.

ஜூன் 20, வெள்ளி

லைனில் கங்காணி கூட்டம் போட்டு, வெளியில் யாரும் கறி சமைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். சோமா வீட்டு அடுப்பை யாரோ உதைத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஜெயராணி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவர்களிடம் மொழி தெரியாமல் பேசி என்ன ஆகப்போகிறது, அதிகாரி சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றேன்.

"ஏங்க, கதவத் தொறந்து போட்டுட்டுப் பூட்டுக்கு எண்ணெ போடுற ஆள நான் இப்பதான் பாக்குறேன்" என்றாள்.

என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, வாளியைக் கழுவி வெளியே வையுங்கள், வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். பெண்டாட்டி வாயில் விழுவதற்கு மழையில் நனையலாம்.

ஜூன் 27, வெள்ளி

செம்பழுப்பு நாயைக் காணவில்லை. கறுப்பு நாயும் இல்லை. ஷைனியும் ஃபூல்மணியும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்களாம். ராத்திரி சாப்பிடும்போது ஷைனி தலையை நிமிர்த்தாமல், வாளியை எங்கே கழுவுகிறீர்கள் அப்பா என்று கேட்டாள். கடையில் என்றேன்.  பிள்ளைக்கு எதற்கு இந்தக் கேள்வி?

இரண்டாவது விசில் வந்தது. முதலில் வந்தது போல் இல்லை, சத்தம் மட்டு. திருப்பி அனுப்பப்போகிறேன்.

ஜூலை 2, புதன்

கொழுந்தெடுக்கிற பெண்கள் பட்டப்பகலில் சிறுத்தையைப் பார்த்துவிட்டார்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் படுத்துக்கொண்டு வாலை ஆட்டியதாம். கூப்பாடு போட்ட பிறகும் சாவகாசமாக எழுந்து, சோம்பல் முறித்துத்தான் போனதாம்.  பயப்படுகிற மிருகம் தேவலை.

ஷைனியின் பையில் மணி கட்டினேன், நடக்கும்போது சத்தம் கேட்டுக்கொண்டே வரும். தலையில் மாட்டுகிற லைட் ஒன்று. ஒரு மிளகாய் ஸ்ப்ரே, அதைக் காற்றடிக்கிற பக்கம் பார்த்து அடித்தால் நம் கண்தான் போகும், சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உருப்படியான தடி ஒன்று, மடக்கினால் பைக்குள் போய்விடும். எல்லாம் மாட்டி நிறுத்தியபோது பிள்ளை படைக்குப் போகிற சிப்பாய் மாதிரி நின்றாள். பக்கத்தில் ஃபூல்மணி உரச்சாக்கோடு நின்று சிரித்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

மழையிலும் வியாபாரம் குறையவில்லை. பாலத்தில் இறங்காமல் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கவிழ்த்துவிட்டு வந்தேன். நாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் பிள்ளைகள் பாலத்தை நெருங்கும்போது, மிச்சமிருந்த குட்டைவால் நாய் அவர்களுக்கு முன்னால் ஓடியிருக்கிறது. தேயிலைக்குள்ளிருந்து சிறுத்தை வந்து அதன் கழுத்தைப் பிடித்துவிட்டது. ஷைனிக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிற இடம்தான். நாயைக் கவ்விக்கொண்டே இவளைப் பார்த்ததாம். மணி, ஸ்ப்ரே, தடி எல்லாம் இருந்தும் இவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, ஓடத் திரும்பியிருக்கிறாள். ஃபூல்மணிதான் பை வாரைப் பிடித்து இழுத்து, ஓடாத, ஓடாத என்று சொல்லி, இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு நடந்து ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

ஷைனிக்குக் காய்ச்சல். கண்ணை மூடினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

ஜெயராணி கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளையிலேருந்து அந்த வாளி அங்க போகக் கூடாது. போச்சுன்னா நான் உங்ககூட இருக்க மாட்டேன்" என்றாள். வேறு எங்கே போடுவது என்று நீயே சொல் என்றேன். எஸ்டேட் நிலத்தில் குழி வெட்ட விடமாட்டார்கள், பஞ்சாயத்து அபராதம் போடும், கடையை மூடினால் மூன்று பேரும் என்ன தின்பது?  முடிவு நான்தான் எடுத்தேன். ஷைனியைக் கீழே பொள்ளாச்சியில் சிஸ்டர்கள் நடத்துகிற விடுதியில் சேர்த்துவிடப் போகிறேன். அங்கே சிறுத்தையும் கிடையாது, சோலையும் கிடையாது.

ஜூலை 13, ஞாயிறு

சேர்த்துவிட்டு வந்தேன். கடை இன்றைக்கு மூடல்.

இரும்புப் பெட்டி, இரட்டைப் பூட்டு. சூடு தங்குகிற தண்ணீர் பாட்டில், விளிம்பில் ரப்பர் போட்டது, வாங்கத் தகுந்தது. குடை ஒன்று, காற்றுக்குக் கவிழாதது. டார்ச்சையும் கொடுக்கப் பார்த்தேன், இங்கே எதற்குங்க இதெல்லாம் என்று சிஸ்டர் சிரித்துவிட்டு, ஸ்ப்ரேயையும் தடியையும் எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.  நான் கிளம்பும்போது ஷைனி கேட்டாள்.

"ஃபூல்மணி யாரோட வருவாப்பா?"

அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார் என்றேன். அப்படியா சொன்னாரு என்றாள். ஆமாம் என்றேன். சோமாவை நான் பார்க்கவே இல்லை, அவனுக்கு இந்த மாதம் ஃபேக்டரியில் மாலை ஷிப்ட். பஸ் ஏறி வளைவுகளில் திரும்பி வரும்போது முதல்முறையாக மனசு லேசாக இருந்தது. என் பிள்ளை பத்திரம்.

ஜூலை 16, புதன்

வீடு வீடாக இல்லை. ஜெயராணி தேவைக்கு மேல் பேசுவதில்லை. பாலத்தில் கொட்டுவதை நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் ஷைனி இப்போது அந்த வழியில் வருவதில்லையே.

இன்றைக்குப் பஸ் தாமதம் போல. இருட்டுகிற நேரத்தில் நான் பாலத்துக்குப் போகையில் ஃபூல்மணி எதிரே தனியாக வந்தாள். சாக்கைத் தலையில் போட்டு, சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள், பயத்துக்குத்தான். நின்று, ஏறிக்கொள் என்று சொல்ல நினைத்தேன். வாளி முன்னால் இருந்தது, பின்னால் இன்னொன்று கட்டியிருந்தேன், ஏற்ற இடமில்லை. பார்த்துப் போ என்றேன். சரி மாமா, ஷைனி எப்ப வருவா என்று கேட்டாள். அவள் கண் வாளிமேல் போனது, உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. கோயில் கூழ், வீட்டுக்கு வீடு கோழி. இந்த வருஷத்தின் மிகப் பெரிய வியாபாரம். பாலத்துக்கு எத்தனை தடவை போனேன் என்று நினைவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூலை 21, திங்கள்

சோமா கடை வாசலில் வந்து நின்றான். ஃபேக்டரி உடுப்போடு வந்திருந்தான், உடம்பெல்லாம் தேயிலைத் தூள். மூச்சு வாங்கியது. தமிழ் வரவில்லை. கையால் உயரம் காட்டினான்.

"அண்ணா. பொண்ணு வரல. லைட் குடு."

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். லைன் ஆட்கள் தீப்பந்தமும் செல்போனுமாக ரோட்டில் நின்றார்கள். மயில்சாமியும் வந்துவிட்டான். மூடுபனியில் எவன் வெளிச்சமும் எடுபடவில்லை. என் டார்ச்தான் எடுபடும் என்று என்னை முன்னால் விட்டார்கள். வேறு எங்கும் தேடவில்லை. என் கால் நேராகப் பாலத்துக்குத்தான் போயிற்று. அங்கேதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

டார்ச் நன்றாக வேலை செய்தது. ஓடையின் அடி வரைக்கும் எல்லாம் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாக இறகு, மஞ்சள் கால்கள், நேற்று கொட்டிய குடல். நடுவில் உரச்சாக்கு. அதற்கு அந்தப் பக்கம் பிள்ளை.

சோமா என்னைத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினான். நான் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வனத்துறைப் பெரிய அதிகாரி வந்திருந்தார். கோழிக்கடைக்காரர்களை வரிசையாக விசாரித்தார். என் கழிவெல்லாம் பஞ்சாயத்து வண்டிக்குப் போகிறது என்றேன். எழுதிக்கொண்டார். மயில்சாமி அவர் பின்னால் நின்று என் ஸ்கூட்டரின் கால்மிதியைப் பார்த்துக்கொண்டே இருந்தான், ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஷைனிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

கூண்டு வைத்திருக்கிறார்கள். நான் வேறு இடம் பார்த்துவிட்டேன், ஃபேக்டரிக்குக் கீழே, அந்தப் பக்கம் யாரும் நடப்பதில்லை.

மத்தியானம் சோமா கடைக்கு வந்தான். கறிக்கு வரவில்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். கழுவாத கை, கோழி வாடை. விடவில்லை.

"அண்ணா, நீ லைட் கொண்டு வந்த. இல்லன்னா ராத்திரி முழுக்க அங்க, தனியா. நீ சீக்கிரம் பாத்த." வார்த்தை தேடினான். அவனுக்குத் தேடிக் கொடுக்க ஆள் இல்லை. "தேங்க்ஸ் அண்ணா" என்றான்.

அவன் போனபின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். வாடிக்கைக்காரர்கள் பார்த்துவிட்டு, இவனுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று பேசிக்கொண்டார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

சிறுத்தை சிக்கிவிட்டது. லாரியில் ஏற்றும்போது கைகாட்டியே கூடி நின்று கைதட்டியது. கிழடு, ஒரு கோரைப்பல் ஒடிந்திருந்தது. இனிமேல் பயமில்லை, ஷைனியைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.

ஜெயராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "புலியப் புடிச்சுட்டாங்க. வாளிய யாரு புடிப்பா?"

அவள் மடித்ததெல்லாம் அவளுடைய துணிதான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். விடுதிச் சமையலறையில் வேலை இருக்கிறதாம், சிஸ்டரிடம் பேசிவிட்டாளாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் விடுதியில் போன் பேச விடுவார்கள். ஜெயராணி போய்ச் சேர்ந்து இரண்டு நாள் ஆகிறது, ஃபூல்மணி விஷயத்தை அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். ஷைனி அழுது முடித்த குரலில் பேசினாள். கண்ணு, அதைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள், உனக்கு ஒன்றும் பயமில்லை, அப்பா வந்து கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

  அதற்கு அவள் சொன்னாள்.

"நாங்க தெனமும் பாத்தோம்ப்பா. நீங்க கொட்டுனதுல மிச்சம் அங்கதான் கெடக்கும். நான் மயில்சாமி மாமாகிட்ட சொல்லப் போனேன். ஃபூல்மணிதான் வேணாம்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. சொன்னா உங்கப்பாவப் புடிச்சுட்டுப் போயிருவாங்க, கடைய மூடிருவாங்க, நீங்க என்ன சாப்புடுவீங்கன்னா. நாம வேகமா நடந்துக்கலாம்னா."

  கூட்டிட்டுப் போக வராதீங்கப்பா என்றாள். போனைச் சிஸ்டர் வாங்கிக்கொண்டார்.

டார்ச் மேஜைமேல் எரிந்துகொண்டு கிடந்தது. ஜன்னலைத் திறந்து வெளியே எறிந்தேன். இருட்டில் எங்கோ விழுந்து எரிந்துகொண்டே இருந்தது, போய் அணைத்துவிட்டு வர வேண்டியதாயிற்று. பாவி, பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேற்றில் நின்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் கடை திறக்கவில்லை. மயில்சாமி வீட்டுக்குப் போய், பெரிய அதிகாரியிடம் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். தெரியும்ணா, நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, எழுதிக் கொடுக்கணும் என்றான். உட்காரச் சொல்லவில்லை.

அங்கிருந்து சோமா வீட்டுக்கு. சோமா என்னைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் வழியெல்லாம் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். பஞ்சாயத்து வண்டி ஒழுங்காக வராததைச் சொன்னேன், அபராதத்தைச் சொன்னேன், வேறு வழி தெரியாமல் போனதைச் சொன்னேன், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று சொன்னேன். அவன் பணிவாகக் கேட்டுக்கொண்டு தலையாட்டினான். ஆமாண்ணா, ஆமாண்ணா என்றான். ஒரு சொல்கூட அவனுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷமும் என் பேச்சு அவனுக்கும் அவன் பேச்சு எனக்கும் அந்தப் பிள்ளை வாய் வழியாகத்தான் போய் வந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன். அவனுக்குத் தெரிந்த வார்த்தைகளாகப் பார்த்து மறுபடி சொன்னேன்.

"கோழிக் குடல். பாலத்துல. நான் போட்டேன். தெனமும் நான் போட்டேன். நாய் வந்துச்சு. நாய்க்குப் புலி வந்துச்சு. நான் போட்டேன் சோமா."

அவன் தலையாட்டுவது நின்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டாள். அவன் அவர்கள் பாஷையில், மெதுவாக, அவளுக்குச் சொன்னான். அது எனக்குப் புரிந்தது.